ஈரக் கழிவு

நரோத்தமனை முதலில் பார்த்தது
கட்டபெட்டு வளைவில், ஓர் ஐப்பசிக் காலை.
மும்பையில் வாங்கிய காலணி
சேற்றுக்கு அஞ்சி ஓரமாய் நின்றது.
நான் பாக்டரியில் பச்சை இலைக் கணக்கு எழுதுகிறவன்.
"நம்ம தோட்டம் எதுவரைக்கும்?" என்றார்.
முதலாளி சொல்லியனுப்பிய திசையில் கை நீட்டினேன்.
நீட்டிய கையில் விரல்கள் தெரியவில்லை,
அவ்வளவு மூடுபனி.
தலையாட்டியபடி எழுதிக்கொண்டார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர்.
அறிக்கையில் நூற்றுப் பதினாலாம் பக்கம்.

பங்கு விற்குமுன் அச்சிடும் அறிக்கைக்கு
ரெட் ஹெர்ரிங் என்று பெயராம்.
அது ஒரு மீன் என்றார்.
மேட்டுப்பாளையத்துக் கருவாட்டுக் கூடை நினைவுக்கு வர
நானும் சிரித்துவைத்தேன்.

அவரைப் பற்றி அப்புறம் படித்ததுதான் மீதியெல்லாம்.
இருபத்தாறு வயதில் ஒரு சர்க்கரை ஆலையை விற்றுக் கொடுத்தார்.
முப்பத்தொன்றில் கடனில் கிடந்த நூற்பாலை,
நாற்பதுக்குள் பத்திரிகை அட்டையில் கைகட்டிய படம்.
முடித்த வேலை ஒவ்வொன்றுக்கும்
கண்ணாடியில் சின்னதாய் ஒரு கல்லறை செய்து
மேசையில் வைப்பார்களாம் அந்தத் தொழிலில்.
எங்கள் கம்பெனிக்கும் ஒன்று வைத்தார்,
நாங்கள் இன்னும் இலை வாங்கிக்கொண்டிருந்தபோதே.

அறுபத்துநாலு ரூபாய்க்கு விற்ற பங்கு
முதல் நாள் தொண்ணூற்றொன்று.
அரவேணுவில் பட்டாசு.
மாதியம்மா இலைப்பணத்தில் நூற்றைம்பது வாங்கியிருந்தார்.
நான் நானூறு.
மனைவியின் சங்கிலி எங்கே என்று
அவள் தம்பி கேட்டபோது
ஊட்டியில் பாலிஷுக்குக் கொடுத்திருக்கிறது என்றேன்.

மழைநாளில் கூடை கனக்கும்.
நனைந்த இலைக்கு நூறு கிலோவில் பன்னிரண்டு கிலோ
தண்ணீர் என்று கழிப்போம்.
எத்தனை பேர் என்னிடம் சண்டைக்கு வந்திருப்பார்கள்,
"சார், இது பனிதான், மழையில்லை" என்று.
எந்த இலைக்கும் விட்டுக்கொடுத்ததில்லை நான்.
அந்த நூற்றுப் பதினாலாம் பக்கத்தில் மட்டும்
ஒரு கிலோகூட யாரும் கழிக்கவில்லை.

பிறகு தெரிந்ததுதான்.
கடைசி விலை ஏழு ரூபாய் நாற்பது காசு,
அதன்பின் வாங்குவோர் இல்லை.
முதலாளி துபாயில்.
வாரியம் நரோத்தமனை ஐந்து வருடம் சந்தைக்குள் வராதே என்றது.
பதினெட்டு வருடத்தில் கட்டிய பெயரைக்
கழற்றி வைக்கப் பதினோரு பக்க உத்தரவு போதுமாயிருந்தது.

போன செவ்வாய் என் வீட்டு வாசலில் நிற்கிறார்.
காபி மட்டும் போதும் என்றார்.
மேல்முறையீடாம்.
"அன்னிக்குப் பனிதானே சார்? எதுவுமே தெரியலையே,
உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் எதற்கு.
இலைப் பேரேட்டில் வானிலைக்கென்று தனி வரிசை உண்டு.
பாக்டரி பூட்டிய அன்று
அந்தப் பேரேடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்.
ஏன் என்று இதுவரை என்னையே கேட்டதில்லை.
தேடி எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் பத்தொன்பது.
இலை 6,240 கிலோ. ஈரக் கழிவு பன்னிரண்டு சதம்.
மூடுபனி.
என் கையெழுத்து.

மூன்று தரம் படித்தார்.
அந்த ஒற்றைச் சொல்லின்மேல் விரலை வைத்திருந்தார்,
பிடிப்பதற்கு ஒரு கம்பி கிடைத்ததுபோல.
அதே கம்பியைத்தான்
இத்தனை வருடமாய் நானும் பிடித்திருந்தேன் என்று
சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்தைக் கிழிக்க விடவில்லை நான்.
நகல் எடுக்கக் கோத்தகிரி மார்க்கெட்டுக்கு நடந்தோம்.
ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை.
நின்றோம்.
பேரேடு என் கக்கத்தில்.
வெயில் அடித்தது, அன்றைக்குப் பார்த்து
எதிர் மலையின் யூகலிப்டஸ் மரங்களைக்கூட
ஒவ்வொன்றாய் எண்ணலாம்.

கேரட் மூட்டைகளுக்கு நடுவே
மாதியம்மா வந்தார்.
என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பதைத்தான் கேட்டார்:
"நம்ம பங்கு இன்னிக்கு எவ்வளவு சார்?"

நான் பதில் தேடுவதற்குள்
பக்கத்திலிருந்து, தரையைப் பார்த்தபடி,
"ஏழு ரூபா நாப்பது காசும்மா" என்றார் நரோத்தமன்.

"இவரு யாரு சார்?"

கடைக்குள் மெஷின்
ஒருமுறை முனகிவிட்டு
மறுபடி அடங்கியது.